பலகையில் இருக்கும் பெயர் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கச் சிற்றூர்களில் உள்ள முன்னாள் படைவீரர் 'போஸ்ட்'கள் பற்றியும், அவை சூடியிருக்கும் பெயர்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் குடியிருக்கிறோம். கடைத்தெருவில் கொடிக்கம்பத்தோடு ஒரு பழைய கட்டடம். வாசலில் ஒரு மனிதரின் பெயர், பக்கத்தில் 'போஸ்ட்' என்று ஓர் எண். இது அரசு அலுவலகமா? அந்த மனிதர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அரசு அலுவலகம் இல்லை. முன்னாள் படைவீரர்கள் சந்தா கட்டித் தாங்களே நடத்தும் சங்கத்தின் உள்ளூர்க் கிளை. பலகையில் நட்சத்திரமும் அதன் நடுவில் 'யு.எஸ்.' என்ற எழுத்துகளும் இருந்தால் அது அமெரிக்கன் லீஜியன். மால்டா சிலுவை (எட்டு முனைச் சிலுவை) இருந்தால் வெட்டரன்ஸ் ஆஃப் ஃபாரின் வார்ஸ், சுருக்கமாக வி.எஃப்.டபிள்யூ.

லீஜியன் முதல் உலகப்போர் முடிந்த கையோடு உருவானது. 1919 மார்ச்சில் பாரிஸில் படையினர் கூடிப் பேசினார்கள். மே மாதம் செயின்ட் லூயிஸில் அடுத்த கூட்டம் நடந்தது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பட்டயம் (அங்கீகார ஆவணம்) வழங்கியது. வி.எஃப்.டபிள்யூ. மூத்தது. ஸ்பெயின் போரிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் திரும்பியவர்கள் 1899இல் தொடங்கிய சங்கங்களில் அதற்கு வேர் இருக்கிறது. வெளிநாட்டுப் போர்க்களத்தில் பணி செய்தவர்களுக்குத்தான் அங்கே இடம். லீஜியனில் அந்த நிபந்தனை இல்லை. போர்க்காலத்தில் முழுநேரப் படைப்பணியில் ஒரு நாள் இருந்திருந்தாலே சேரலாம்.

பெயரைத் தேட ஒரு விதி கைகொடுக்கும். உயிரோடிருப்பவர் பெயரை லீஜியன் போஸ்டுக்கு வைக்கக் கூடாது. வாஷிங்டனில் அமைந்த முதல் போஸ்ட், தளபதி பெர்ஷிங்கின் பெயரில்தான் தொடங்கியது. செயின்ட் லூயிஸ் கூட்டம் இந்த முடிவை எடுத்ததும் 'ஜார்ஜ் வாஷிங்டன் போஸ்ட் 1' என்று மாற்றிக்கொண்டது. (பெர்ஷிங் 1948 வரை வாழ்ந்தார்.) ஆகவே பெயர் சூட்டிய தேதி கிடைத்துவிட்டால், அந்த மனிதர் அதற்கு முன்பே இறந்தவர் என்பது உறுதி. தேடலை அங்கிருந்து பின்னோக்கி நகர்த்தலாம்.

அந்தத் தேதிக்கு முதலில் பார்க்க வேண்டியது போஸ்டின் சொந்தப் பட்டயம். பெரும்பாலும் கூட்ட அரங்கின் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருப்பார்கள். ஆனால் அதில் உள்ள தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் தற்காலிகப் பட்டயம் தருவார்கள், நிரந்தரப் பட்டயம் பிறகுதான் வரும். சுவரில் தொங்குவது பின்னதாக இருந்தால், போஸ்ட் அதற்கு முன்பே இயங்கத் தொடங்கியிருக்கும். தொடக்க உறுப்பினர்களின் பெயர்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பெயர்க்காரரோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர் அவர்களில் இருந்தால் அந்த ஒரு பெயரே பல கதவுகளைத் திறக்கும்.

போஸ்டில் யாரைக் கேட்பது? எல்லோரும் கமாண்டரைத்தான் தேடுவார்கள். அவர் அடிக்கடி மாறுவார். காகிதம் இருப்பது அட்ஜுடன்ட் எனப்படும் செயலாளரிடம். லீஜியனில் 'ஹிஸ்டோரியன்' என்றே ஒரு பொறுப்பு உண்டு. ஆள் இருந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து உள்ளூர் நூலகத்தில் செய்தித்தாளின் நுண்படச் சுருள் (மைக்ரோஃபிலிம்). 1919, 1920 இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். பெயர் தேர்ந்தெடுத்த கூட்டம் வழக்கமாகச் செய்தியாகியிருக்கும், யாருடைய பெயர்கள் போட்டியில் இருந்தன என்பது உட்பட. கட்டடத்தின் கதை தனி. அதற்கு மாவட்டத் தலைமையிடத்தில் உள்ள பத்திரப்பதிவு அலுவலகத்தில், வாங்கியவர் பெயர் அட்டவணையில் போஸ்டின் பெயரைத் தேட வேண்டும். சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்த பழைய நகர வரைபடங்கள் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அந்த இடத்தில் முன்பு தேவாலயம் இருந்ததா, தீவனக் கடை இருந்ததா என்பதுகூட அவற்றில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் போஸ்ட் எண்ணை இணையத்தில் தேடினால் வேறு வேறு மாநில ஊர்கள் வருகின்றன. ஏன்?

லீஜியன் எண்ணை அந்தந்த மாநிலக் கிளை தருகிறது. அதனால் ஒரே எண் பல மாநிலங்களில் இருக்கும். மாநிலத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வி.எஃப்.டபிள்யூ. எண் நாடு முழுமைக்கும் ஒன்றுதான்.

கேள்வி: 'பிரான்சில் எதிரியின் குண்டுக்குப் பலியானவர், எங்கள் ஊரின் முதல் வீரர்' என்று கல்வெட்டே இருக்கிறது. ஆனால் மாநில ஆவணத்தில் நிமோனியாவால் இறந்தார் என்று இருக்கிறது. எதை நம்புவது?

தேதிக்கும் காரணத்துக்கும் ஆவணத்தை நம்புங்கள். முதல் உலகப்போரில் இறந்த அமெரிக்கப் படையினர் 1,16,516 பேர். இவர்களில் போரில் இறந்தவர்கள் 53,402 பேர்தான். பாதிக்கு மேற்பட்டவர்களை நோயும் விபத்தும் கொண்டுபோயின. அந்த நோய்க் கணக்கில் 1918இன் இன்ஃப்ளூயன்சாவும் அதைத் தொடர்ந்த நிமோனியாவும்தான் பெரும்பங்கு. மாசசூசெட்ஸின் கேம்ப் டெவன்ஸ் போன்ற பயிற்சி முகாம்களில், கப்பல் ஏறுவதற்கு முன்பே இறந்தவர்கள் ஏராளம். அப்படி இறந்தவரின் பெயரைச் சூடிய போஸ்ட் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்துக் கல்வெட்டு வைக்கும் குழுவுக்கு 'நிமோனியா' என்று பொறிக்கக் கை வராது. இப்படித்தான் கதை மாறுகிறது.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறோம். போருக்குப் பிறகு ராணுவத் தலைமை, ஒவ்வொருவருடைய பணிச் சுருக்கத்தையும் ஓர் அட்டையில் எழுதி அவரவர் மாநிலத்துக்கு அனுப்பியது. மாநில ஆவணக் காப்பகத்தில் இன்று அது கிடைக்கலாம். சேர்ந்த நாள், பிரிவு, கடல் கடந்திருந்த காலம், இறந்த நாள், காரணம் எல்லாம் அதில் இருக்கும். காரணத்தை வகை பிரித்திருப்பார்கள்; முக்கியமானவை மூன்று: களத்தில் கொல்லப்பட்டவர், காயத்தால் பின்னர் இறந்தவர், நோயால் இறந்தவர். இரண்டாவது வகையைத்தான் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள். காயம் பட்ட நாள் ஒன்று, இறந்த நாள் வேறு. கல்வெட்டு ஒன்றையும் செய்தித்தாள் மற்றதையும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

கட்டாயப் படைச்சேர்ப்புக்கான பதிவு அட்டையை வைத்து 'இவர் போருக்குப் போனார்' என்று எழுதிவிடாதீர்கள். 1917 ஜூன் 5, 1918 ஜூன் 5, 1918 செப்டம்பர் 12 என்று மூன்று முக்கியப் பதிவுகள் நடந்தன. கடைசிப் பதிவில் 18 முதல் 45 வயது வரை, அதுவரை பதியாத ஆண்கள் எல்லோரும் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. மொத்தம் சுமார் 2.4 கோடி அட்டைகள். பெரும்பாலோர் சீருடையே அணியவில்லை. பிறந்த தேதி, வேலை, கையெழுத்து இவற்றுக்கு மட்டும் அந்த அட்டை அருமையான ஆதாரம்.

'முதல் வீரர்' என்ற பட்டத்தையும் சோதியுங்கள். உங்கள் ஊரில் முதலில் இறந்தவரா, போரில் முதலில் இறந்தவரா, மாவட்டத்திலேயே முதலாமவரா? ஒரு சிற்றூர் நாட்டுக்கே முதல் இழப்பைச் சந்தித்ததும் உண்டு. அயோவாவின் கிளிட்டனைச் சேர்ந்த மெர்ல் ஹே, 1917 நவம்பர் 3 அன்று பிரான்சின் பத்தலேமோன் அருகே பதுங்குகுழித் தாக்குதலில் கொல்லப்பட்டார். இண்டியானாவின் ஜேம்ஸ் கிரெஷமும் பிட்ஸ்பர்கின் தாமஸ் என்ரைட்டும் அதே தாக்குதலில் இறந்தார்கள். களத்தில் மடிந்த முதல் அமெரிக்கப் படையினர் இந்த மூவர். மூவரில் யார் முதலில் என்ற சண்டையை மூன்று ஊர்களும் போட்டுப் பார்த்துவிட்டன. அதில் நாம் இறங்க வேண்டாம்.

கேள்வி: பெயர்க்காரரின் பணிக்கோப்பு கேட்டு செயின்ட் லூயிஸுக்கு எழுதினேன். தீவிபத்தில் போய்விட்டது என்று பதில். தேடல் இதோடு முடிந்ததா?

இல்லை, ஆனால் வழி நீண்டுவிட்டது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் தளத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. விமானப்படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விடுபட்டவர்களில், அகரவரிசையில் 'ஹப்பர்ட், ஜேம்ஸ் இ.' என்ற பெயருக்குப் பின் வருகிறவர்களின் கோப்புகளில் 75 சதவீதம் அழிந்தது. நகலும் இல்லை, நுண்படமும் இல்லை.

இங்கே பலர் தவறவிடுவது இதுதான்: கடற்படை, மரைன் கோப்புகளுக்கு இந்தத் தீயால் சேதமில்லை. எனவே பெயர்க்காரர் எந்தப் படையில் இருந்தார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மாலுமியை ராணுவ வீரர் என்று எழுதி அனுப்பிவிட்டு, 'எரிந்துவிட்டது' என்ற பதிலோடு ஓய்ந்து போனவர்கள் உண்டு.

தரைப்படையே என்றாலும் இரண்டாம் முறை எழுதலாம். எஸ்.எஃப். 180 என்ற படிவத்தோடு, கோப்பை மறுகட்டமைக்க உதவும் என்.ஏ. 13075 என்ற வினாப்படிவத்தையும் நிரப்புங்கள். படை எண், பிரிவு, பணியில் சேர்ந்த ஊர் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இறுதிச் சம்பளச் சீட்டு போன்ற துணை ஆவணங்களிலிருந்து ஒரு சுருக்கக் கோப்பு உருவாக்குவார்கள். பணியிலிருந்து விடுபட்டோ இறந்தோ 62 ஆண்டு கடந்திருந்தால் கோப்பு பொது ஆவணம். உறவினர் என்று நிரூபிக்க வேண்டாம், கட்டணம் மட்டும் உண்டு.

பணியில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் இதைவிட வளமான ஒன்று இருக்கிறது: அடக்கக் கோப்பு. உடலை அடையாளம் கண்ட விவரம், முதலில் புதைத்த இடம், குடும்பத்துக்கும் ராணுவத்துக்கும் நடந்த கடிதங்கள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். இது பணிக்கோப்பிலிருந்து தனியான வரிசை, ஆகவே தனியாகக் கேட்க வேண்டும். இளகிய மனம் உள்ளவர்கள் கொஞ்சம் தயாராகிக்கொண்டு திறப்பது நல்லது. பல் வரிசையின் வரைபடம் முதல் எலும்பு விவரம் வரை இருக்கலாம்.

படைக்கப்பல் பயணிகள் பட்டியலும் தேறும். அதில் பெயர், படை எண், பிரிவு, நெருங்கிய உறவினரின் முகவரி இருக்கும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்தெடுக்க உதவுவது படை எண்தான். ஆனால் தரைப்படையினருக்கு அந்த எண் 1918இல்தான் வந்தது. அதற்கு முன் இறந்தவருக்கு எண் கிடைக்கவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் கல் இருக்கிறது. பிரான்சில் உள்ள அமெரிக்கக் கல்லறைப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. எங்கேதான் அடக்கம்?

அநேகமாகப் பிரான்சில். போருக்குப் பின் அரசு குடும்பங்களிடமே கேட்டது: உடலை ஊருக்குக் கொண்டுவரவா, அங்கேயே நிரந்தரக் கல்லறையில் விடவா? சுமார் 46,000 உடல்கள் திரும்பின, சுமார் 30,000 அங்கேயே தங்கின. மியூஸ்–ஆர்கோன் கல்லறையில் மட்டும் 14,246 பேர். அங்கே விட்ட குடும்பங்களும், உடலே கிடைக்காத குடும்பங்களும் சொந்த ஊரில் நினைவுக்கல் நட்டார்கள். கல்லின் அடியில் யாரும் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள்; மனை எண்ணுக்கு எதிரே அடக்கத் தேதி காலியாக இருந்தால் அது வெறும் நினைவுக்கல்.

உடல் திரும்பியிருந்தால் இறுதிச் சடங்குச் செய்தியை 1918 இதழ்களில் தேடிப் பயனில்லை. 1920 முதல் 1922 வரை தேடுங்கள். மெர்ல் ஹேயின் உடல்கூட 1921 ஜூலையில்தான் கிளிட்டனில் அடக்கமானது. ஊர்க் கல்லறைத் தோட்டமே இன்று அவர் பெயரில் இருக்கிறது.

வெளிநாட்டில் அடக்கமானவர் என்றால் இன்னொரு தடயமும் கிடைக்கும். 1929இல் வந்த சட்டத்தின்படி, அங்கே அடக்கமானவர்களின் தாய்மாரையும் மறுமணம் செய்யாத மனைவியரையும் அரசு தன் செலவில் கல்லறைக்கு அழைத்துப் போனது. 1930 முதல் 1933 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் போனார்கள். அதற்குத் தயாரான பட்டியலில் மாநிலம், மாவட்டம் வாரியாகத் தாயின் பெயர் இருக்கிறது. கறுப்பினத் தாய்மாரைத் தனிக் கப்பலில் அனுப்பினார்கள். அதை ஏற்காமல் பயணத்தையே மறுத்த தாய்மாரும் உண்டு.

கேள்வி: போஸ்டின் பெயரில் சிறுகோடு போட்டு இரண்டு குடும்பப் பெயர்கள். சகோதரர்களா?

பெரும்பாலும் இல்லை. முதல் பெயர் முதல் உலகப்போரில் இறந்தவருடையது, இரண்டாவது 1945க்குப் பின் சேர்த்தது என்பதே வழக்கமான கதை. இரண்டு போஸ்ட்கள் இணைந்த கதையாகவும் இருக்கலாம். கூட்டக் குறிப்பேட்டில் பெயர் மாற்றத் தீர்மானம் இருக்கும்.

இரண்டாவது மனிதருக்கு ராணுவம் 1946இல் வெளியிட்ட இறந்தோர், காணாமற்போனோர் பட்டியலைப் பாருங்கள். அது மாநிலம், மாவட்டம் வாரியாக இருக்கும். பக்கத்து மாவட்டத்தையும் பாருங்கள், ஏனெனில் பணியில் சேரும்போது கொடுத்த விவரத்தை வைத்துத்தான் மாவட்டம் பிரித்தார்கள். பெயருக்கு எதிரே 'எஃப்.ஓ.டி.' என்று இருந்தால் கவனம். காணாமற்போனவர் இறந்தவராகச் சட்டப்படி தீர்மானிக்கப்பட்டார் என்று பொருள். காணாமற்போய் ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழிந்த தேதியை இறந்த தேதியாகப் பல கல்வெட்டுகளில் பொறித்திருக்கிறார்கள். விமானம் விழுந்த நாள் அதற்கு ஓராண்டு முந்தியது.

கேள்வி: முதல் உலகப்போரில் இறந்தவரின் படத்துக்குக் கீழே பர்ப்பிள் ஹார்ட் பதக்கம். 1918இல் கொடுத்தது என்கிறார்கள்.

எதிரியால் காயம்பட்டவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் தரும் அந்தப் பதக்கம் 1918இல் இல்லை. 1932 பிப்ரவரி 22 அன்றுதான் அதை இன்றைய வடிவில் ஏற்படுத்தினார்கள். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கும் வழங்கலாம் என்ற ஆணை 1952இல் வந்தது. அதற்குப் பிறகு குடும்பம் கேட்டு வாங்கியிருக்கலாம், அல்லது யாரோ கடையில் வாங்கிப் படச் சட்டத்துக்குள் வைத்திருக்கலாம். நோயால் இறந்தவர் படத்தின் கீழே இருந்தால் இரண்டாவதுதான்.

கேள்வி: போஸ்டின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதுகிறேன். ஊருக்குத் தலைக்குனிவான சில பழைய செய்திகளும் கிடைத்தன. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். போஸ்டின் வரலாற்றில் பெயர்க்காரர் ஒரு பாதிதான், அவர் பெயரில் கூடியவர்கள் என்ன செய்தார்கள் என்பது மறுபாதி. ஓரிகனின் ஹூட் ரிவர் போஸ்ட் 22, 1944 நவம்பர் 29 அன்று மாவட்டத்தின் படைவீரர் பெயர்ப்பலகையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த 16 பேரின் பெயர்களை அழித்தது. அவர்கள் அப்போது அமெரிக்கச் சீருடையில் இருந்தவர்கள். அழிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஃபிராங்க் ஹச்சியா, சில வாரங்களில் பிலிப்பைன்ஸில் காயம்பட்டு 1945 ஜனவரியில் இறந்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது, லீஜியன் தலைமையும் நெருக்கியது, 1945இல் பெயர்கள் திரும்ப எழுதப்பட்டன. இதை மறைத்து ஹூட் ரிவர் போஸ்டின் வரலாற்றை யாராலும் எழுத முடியாது.

வாஷிங்டன் மாநிலத்தின் சென்ட்ரேலியா இன்னும் சிக்கல். பிரான்சில் இறந்த கிராண்ட் ஹாட்ஜின் பெயரைத் தாங்கிய போஸ்ட் 17, 1919 நவம்பர் 11 அன்று ஊர்வலம் போனது. ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கத்தின் கூடத்தருகே மோதல். லீஜியன் உறுப்பினர்கள் நால்வர் இறந்தார்கள். அன்றிரவு அந்தத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த வெஸ்லி எவரெஸ்ட்டைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிட்டது ஒரு கும்பல். முதலில் பாய்ந்தது யார், சுட்டது யார் என்பதில் இன்றும் இரு தரப்பு உண்டு. இந்த மாதிரி இடத்தில் நீங்கள் தீர்ப்பெழுத வேண்டாம். நீதிமன்ற ஆவணம் சொல்வது இது, அந்நாள் செய்தித்தாள் சொல்வது இது என்று தனித்தனியாக வையுங்கள். நால்வர் பெயரை எழுதும் பக்கத்திலேயே ஐந்தாவது பெயரும் வரட்டும்.

கேள்வி: உறுப்பினர்கள் குறைந்து எங்கள் போஸ்ட் மூடப்போகிறது. பட்டயம், படங்கள், குறிப்பேடுகளை என்ன செய்வது?

பட்டயத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. போஸ்ட் கலைந்தால் அது மாநிலக் கிளைக்குத் திரும்ப வேண்டும். வாசலில் பழைய பீரங்கி இருந்தால் அதன் தாள்களைத் தேடுங்கள். பல பீரங்கிகள் நிபந்தனையோடு தரப்பட்டவை, இன்றும் ராணுவத்தின் சொத்து. அதை விற்றுவிட்டு விழிப்பதைவிட முன்பே கடிதம் எழுதிக் கேட்பது மேல்.

குறிப்பேடுகளும் படங்களும் மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கோ மாநில ஆவணக் காப்பகத்துக்கோ போகட்டும், எழுத்துமூலமான ஒப்படைப்புச் சான்றோடு. கொடுக்கும் முன் 600 டி.பி.ஐ. அளவில் வருடி (ஸ்கேன் செய்து), சுருக்கப்படாத டிஃப் கோப்பாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். சூடும் பசையும் காகிதத்தைத் தின்றுவிடும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு வருடுங்கள். படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்பென்சில் மட்டும். பந்துமுனைப் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

உறுப்பினர் அட்டைகளில் சமூகப் பாதுகாப்பு எண்கள் இருக்கலாம். 1960களின் இறுதியில் தரைப்படை பழைய படை எண்ணைக் கைவிட்டு அதையே பயன்படுத்தத் தொடங்கியது. அந்த அட்டைகளைத் தனிப்பெட்டியில் வைத்து, மேலே குறிப்பெழுதி, காப்பகத்தின் கையிலேயே கொடுங்கள்.